பச்சை மரக்கறியும் பொட்டல உணவும்: ஊவாத் தோட்ட மக்களின் உணவு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்தின் உணவு வரலாற்றை அதன் நில வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. பச்சை மரக்கறியும் கீரையும் தரும் போசாக்கினை, முழுத் தானியங்களைக் கொண்டு ஆக்கப்படும் குறைநிரப்பு உணவு ஈடுசெய்யுமா என்ற வினா பொதுவாக உணவு விஞ்ஞானிகளுக்கே உரியதாகக் கருதப்படுகின்றது. ஆயின் பதுளை மாவட்டத்துப் பெருந்தோட்டங்களைப் பொறுத்தவரை அது வரலாற்று மாணவருக்கும் உரிய வினாவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் தென்னிந்தியத் தொழிலாளர் ஊவா மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்தம் உணவு தொடக்கந்தொட்டே கடல்கடந்து வந்த அரிசியிலே தங்கியிருந்தது. தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. கீரையும் மரக்கறியுமோ லயத்தின் ஓரத்துச் சிறுதுண்டு நிலத்துக்கும், பெரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் பின்னர் எஞ்சும் பொழுதுக்கும் விடப்பட்டன. மலைச்சரிவெங்கும் தேயிலை நிறைந்திருக்க, பயிரிட்டவனுக்குச் சொந்தமான நிலம் ஒரு சாணும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியமையால், அரசின் காணிப் பங்கீடுகளும் அவர்களுக்கு எட்டாதனவாயின.

இதிலுள்ள முரண்பாடு கருதற்பாலது. இலங்கையின் முதன்மையான மரக்கறிப் பிரதேசங்களுள் ஊவா உயர்நிலமும் ஒன்றாகும். வெலிமடை, பண்டாரவளை ஆகிய பகுதிகளில் விளையும் கரட், போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு என்பன லொறிகளிலே தூரத்துச் சந்தைகளுக்குச் செல்கின்றன. அவ்வயல்களை அடுத்துள்ள லயங்களிலோ கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேநீரும் அன்றாட உணவாக நிலைத்தன. ஆகவே இம்மக்கள் மரக்கறியின் பயனை அறியாதோர் எனக் கூறுவது பொருந்தாது. அதனைப் பயிரிட நிலமும், சமைக்க நேரமும், வாங்கப் பணமும் அவர்களுக்குக் குறைவாயிருந்தன என்பதே உண்மையாகும்.

இந்நிலையின் விளைவு 1973, 1974ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் தானிய விலை உயரவும், நாட்டில் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டு மாவும் அருகவும், தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. வேறு பயிரோ நிலமோ அற்றவர்களுக்குப் பங்கீட்டுக் கடையே கதியாயிருந்தமை இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். அதே 1973ஆம் ஆண்டில் ‘திரிபோஷ’ என்னும் குறைநிரப்பு உணவு, கெயார் நிறுவனத்தின் உதவியுடன் நாட்டில் அறிமுகமானது. சோளமும் சோயா அவரையும் சேர்ந்த மாவுடன் விற்றமின்களும் கனியுப்புக்களும் கலந்து அது ஆக்கப்படுகின்றது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறுவருக்கும் 750 கிராம் கொண்ட பொட்டலங்கள் இரண்டு மாதந்தோறும் வழங்கப்படும் முறை ஏற்பட்டது. நாளொன்றுக்கு 50 கிராம் என்பது கணக்கு.

திரிபோஷவின் சிறப்பினைக் குறைத்து மதிப்பிடலாகாது. சோளப் புரதத்தில் அருகிய லைசின் என்னும் அமினோவமிலத்தைச் சோயா நிறைவு செய்கின்றது. ஐம்பது கிராம் மாவு ஏறத்தாழ 200 கலோரிச் சத்தினைத் தரும். சிறு வயிறுடைய குழந்தை அவ்வளவு சத்தினைக் கீரையிலிருந்து பெறுதல் அரிது. கர்ப்பிணியின் இரும்புச்சத்துத் தேவையைக் கீரை மாத்திரம் நிறைவு செய்வதும் கடினம். எனினும் பொட்டலத்தினால் ஆகாதனவும் உள. பச்சை மரக்கறியிலுள்ள நார்ப்பொருளும் பல்வகை இயற்கைச் சேர்வைகளும் ஒருங்கே அமைந்து உடலுக்கு உதவுவன. அவற்றிலுள்ள விற்றமின் சீ, தாவர உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைபுரிகின்றது. உணவோடு அருந்தும் தேநீரோ அதனைத் தடுக்கின்றது. மேலும் ஒரு குழந்தைக்கு அளந்து வழங்கிய மா, பசியுள்ள வீட்டிலே பலருக்கும் பங்கிடப்படுவது இயல்பே.

உணவிலிருந்து ஒரு சத்தினை மாத்திரம் பிரித்தெடுத்து அளித்தால், அவ்வுணவின் முழுப் பயனும் கிட்டும் என்ற எண்ணம் பிறநாட்டிலும் பொய்த்ததுண்டு. கரட்டிற்கு நிறந்தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி, பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆடவரிடையே நிகழ்த்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. மாத்திரை பெற்றோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்தே காணப்பட்டது. திரிபோஷ அத்தகைய மாத்திரையன்று, அது உணவே. ஆயினும் முழு உணவுக்கும் அதன் ஒரு கூறுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இவ்வாய்வு தெளிவாக்குகின்றது.

நான்கு தசாப்தங்களுக்கு மேலாகத் திரிபோஷ வழங்கப்பட்ட பின்னரும், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவருள் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றிருந்தனர். நாடளாவிய வீதம் 17.3 மட்டுமே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சோளத் தட்டுப்பாட்டினால் திரிபோஷ உற்பத்தியும் தடைப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் அவ்வாண்டு செப்டெம்பரில் 94.9 சதவீதத்தை எட்டியது. பொட்டலமும் மரக்கறியும் ஒருசேரக் கைநழுவிய அக்காலம், பிறர் வழங்குவதை மாத்திரம் நம்பிய உணவு எத்துணை உறுதியற்றது என்பதை மீண்டும் உணர்த்திற்று.

எனவே குறைநிரப்பு உணவு மரக்கறிக்கு நிகரானதன்று. மரக்கறி மாத்திரம் அதன் இடத்தை நிரப்புவதும் அன்று. முன்னையது நலிந்த குழந்தையைக் காக்கும் மருந்து போன்றது. பின்னையது நலியாது வளர்வதற்குரிய அன்றாட வழி. அண்மைக் காலத் தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச், அஃதாவது ஏறத்தாழ 177 சதுர மீற்றர், காணி ஒதுக்கப்பட்டமை இவ்வகையிற் கவனத்திற்குரியது. வீட்டின் அளவு போக எஞ்சுவது சிறிதெனினும், ஒரு கீரைப்பாத்திக்கு அது போதும். பொட்டலம் வழங்கப்படுகின்றதே என்பது நிலமும் போதிய கூலியும் மறுக்கப்படுவதற்கு நியாயமாகாது என்பதே ஊவாத் தோட்டங்களின் வரலாறு தரும் பாடமாகும்.