பந்திக்கு வராதவர்களின் கணக்கு

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) ஹிஜாஸ் பூமியில் மழை பொய்த்தது. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் நீடித்த அவ்வறட்சியில் மண் சாம்பலைப் போலாகிக் காற்றில் பறந்தது. அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் அதனை ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு என்று அழைக்கின்றனர். பாலைவனத்து மக்கள் கூட்டம் கூட்டமாக மதீனாவுக்கு வந்து நகரைச் சுற்றிலும் தங்கினர். மக்களுக்கு வளம் திரும்பும்வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டார்கள். எண்ணெயை மட்டுமே உண்டு வந்ததால் அவர்களது மேனியின் நிறமே மாறிவிட்டது. இது நாம் பல மேடைகளில் கேட்ட செய்தி. அதே ஆண்டைப் பற்றி இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் தமது ‘தபகாத்’தில் பதிவு செய்துள்ள மற்றொரு செய்தி நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

உமர் (ரலி) அவர்களின் பணியாளராயிருந்த அஸ்லம் (ரஹ்) அவர்கள் அதனை அறிவிக்கிறார்கள். ஸஹர் நேரத்திலேயே சமையற்காரர்கள் எழுந்து பெரிய அண்டாக்களில் உணவு சமைப்பார்கள். ஓரிரவு மக்கள் உண்டு முடித்ததும், நம்மிடம் உண்டவர்களை எண்ணுங்கள் என்று கலீஃபா பணித்தார்கள். எண்ணிப் பார்த்ததில் ஏழாயிரம் பேர் இருந்தனர். வேறெந்த ஆட்சியாளருக்கும் அக்கணக்கு போதுமானதாக இருந்திருக்கும். உமர் (ரலி) அவர்களோ, இங்கு வராத குடும்பத்தினரையும் நோயாளிகளையும் சிறுவர்களையும் எண்ணி வாருங்கள் என்றார்கள். அவர்கள் நாற்பதாயிரம் பேர்! சில இரவுகள் கழித்து மீண்டும் எண்ணச் சொன்னார்கள். உண்டவர்கள் பத்தாயிரமாகவும், வராதவர்கள் ஐம்பதாயிரமாகவும் பெருகியிருந்தனர்.

வந்தவர்களுக்குப் பந்தியில் உணவு. வராதவர்களுக்கு அவர்கள் தங்கியிருந்த இடத்திற்கே மாவும் பேரீச்சம்பழமும் தொடுகறியும் அனுப்பப்பட்டன. மாலிக் பின் அவ்ஸ் (ரஹ்) அவர்களின் கூட்டத்தார் நூறு குடும்பத்தினர் அவ்வாறு மாதந்தோறும் பெற்றதாக அவர்களே கூறுகிறார்கள். நோயுற்றோரைக் கலீஃபா நேரில் சென்று விசாரித்தார்கள்; இறந்தோருக்குக் கஃபன் அளித்தார்கள். மழை பொழிந்த பின்னர், ஊர் திரும்புவோருக்கு வழித்துணையும் உணவும் வாகனமும் தந்து அனுப்பி வைத்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வசிக்கும் சகோதரர்களுக்கு இந்தச் செய்தி வேறெவரையும்விட நெருக்கமானது. ஏனெனில், இந்த மண்ணே ஒரு காலத்தில் பிறரது கஞ்சிக்காகக் காத்து நின்றது. 1780ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை முறியடிக்கப்பட்டது. போரில் வென்றவர் யார் என்பதைப் பாடநூல்கள் எழுதுகின்றன. கிராமங்கள் என்னவாயின என்பதை எழுதுவதில்லை. வயல்கள் தரிசாயின, ஏரிகள் பராமரிப்பின்றிப் போயின, மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினர். படையெடுத்து வந்தவரும் முஸ்லிம் மன்னர்; ஆற்காட்டு அரியணையில் இருந்த நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் முஸ்லிம். நாம் இதனை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியிலுள்ள வாலாஜாபாத் அந்த நவாபின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது.

தொடர்ந்து வந்த பஞ்சத்தில் பட்டினியோடு மக்கள் சென்னைப் பட்டினத்தில் குவிந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்படுத்தப்பட்டதே மணியக்காரர் சத்திரம். அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சையும் தொடங்கி, அது வளர்ந்து, இன்று ஸ்டான்லி அரசு மருத்துவமனையாக நிற்கிறது. வடசென்னைப் பெரியவர்கள் அதனைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று அழைப்பதன் காரணம் இதுதான்.

காலம் திரும்பியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் பெருகின. நெல் விளைந்த இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்து நம் பெண்மக்கள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். அன்று இங்கிருந்து பிழைப்புத் தேடிப் போனார்கள். இன்று இங்கே தேடி வருகிறார்கள்.

அவர்களது பசியும் நோயும் எப்போது ஊராருக்குத் தெரிகிறது? 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் பலர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களது தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய அமர்ந்த பிறகுதான் அவர்கள் எங்கே உறங்குகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று நாடு கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தை அரசு திறந்தது. நல்ல செயல். ஆயினும் அதே ஊர்களில் பல்லாண்டுகளாக வாழும் நாம், அதற்கு முன் ஒருநாளேனும் அவ்விடுதிகளின் சமையற்கட்டைப் பற்றி விசாரித்திருப்போமா?

சகோதரர்களே! அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தில் இறைவன் நன்மை செய்யுமாறு பணிக்கும் பட்டியலில் உறவினரான அண்டை வீட்டாரோடு, அந்நியரான அண்டை வீட்டாரும் வழிப்போக்கரும் இடம்பெறுகிறார்கள். குழம்பு சமைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். அங்கே அண்டை வீட்டாரின் மார்க்கம் எது, மொழி எது என்ற நிபந்தனை இல்லை. ஸகாத்துக்கு உரியவர்கள் யார் என்பதற்கு மார்க்கச் சட்டத்தில் வரையறைகள் உண்டு. அதனை ஆலிம்களிடம் கேட்டுச் செய்யுங்கள். ஸதகாவின் வாசலோ எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. வழிப்போக்கருக்கு, அதாவது ‘இப்னுஸ் ஸபீல்’ என்பாருக்கு, ஸகாத்திலேயே ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியவே மாட்டார்கள். சொந்த ஊரில் வசதியிருந்தும் வழியில் கையற்றுப் போனவருக்கும் அப்பங்கு உரியது. ஒப்பந்தக்காரர் கூலியை நிறுத்திவிட்டதால் ஊர் திரும்ப ரயில் கட்டணமின்றித் தவிக்கும் அஸ்ஸாம் இளைஞனை விடச் சரியான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

2020ஆம் ஆண்டின் ரமளானை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. நோன்புக் கஞ்சிக்காக அரசு வழங்கிய அரிசி வீடுகளுக்கே கொண்டு செல்லப்பட்டது. எந்த வீடுகளுக்கு? ஜமாஅத்தின் பதிவேட்டில் பெயர் உள்ள வீடுகளுக்குத்தானே கொண்டு செல்ல முடியும். சந்தா கட்டும் குடும்பங்களின் பெயர்களே அதில் இருக்கும். மாடியில் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளியின் பெயர், அவன் ஐவேளை தொழுபவனாயினும், அதில் இருக்க வாய்ப்பில்லை. கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனால் யாரும் எண்ணவில்லை.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். அந்த அறைகளை வாடகைக்கு விடுபவர்களில் நம்மவர்களும் இருக்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கோடையில் தண்ணீரை நிறுத்துவதும், வேலை போனவனின் முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும், வெள்ளிக்கிழமை உண்டியலில் போடும் நூறு ரூபாயால் சரியாகிவிடாது. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலையிழந்தனர். அத்தகைய நாளில் வாடகைக்கு ஒரு மாதத் தவணை தருவது எந்தப் பெரும் தர்மத்துக்கும் குறைந்ததன்று.

திருவல்லிக்கேணியில் நவாப் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய பெரிய பள்ளிவாசலில், ரமளான் மாலைகளில் நோன்பு திறக்க உணவு பரிமாறுபவர்கள் யாரென்று தெரியுமா? சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துச் சகோதரர்கள். பல்லாண்டுகளாகத் தொப்பி அணிந்து, தம் கையாலேயே கொண்டு வந்து வைக்கிறார்கள். வழியில் தவித்தவருக்குத்தான் வழிப்போக்கரின் அருமை தெரிகிறது போலும்.

ஆகவே முத்தவல்லிகளே, ஜமாஅத் நிர்வாகிகளே! வரும் ஷஅபான் மாதத்தில் இரண்டு இளைஞர்களை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அனுப்புங்கள். மஹல்லாவில் உள்ள வாடகை அறைகள் எத்தனை, எவ்வறையில் எத்தனை பேர், யாருக்கு இரவுப் பணி, யார் நோயில் இருக்கிறார்கள், யாருக்கு இந்தி தெரியும், யாருக்கு வங்காளம் தெரியும் என்று எழுதி வரட்டும். தாய்மார்களே, பெண்கள் விடுதிக்கு நீங்கள்தான் செல்ல முடியும். அஸருக்குப் பின் ஊற்றும் கஞ்சியை இரவுப் பணிக்குச் செல்பவன் வாங்க முடியாது. அவனுக்கு ஒரு தூக்குவாளியில் எடுத்து வைத்து, பேருந்து நிற்கும் இடத்தில் கொடுக்க ஆள் வேண்டும். ரமளான் பாதியில் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை போய் எண்ணட்டும்.