கன்றுக்குட்டியும் மணல் பையும்

போன மார்கழியில் எனக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்துச் சில வாரம் கழித்து, வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் என் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை ஒன்றைக் கட்டிவிட்டு, "பத்து தடவை நீட்டி மடக்குங்க சார்" என்றார். எட்டாவது தடவையிலேயே கால் வெடவெடவென்று நடுங்கியது.

"அதென்னம்மா பத்து? யார் வச்ச கணக்கு இது?" என்று கேட்டேன்.

"டிலோர்ம்னு ஒரு டாக்டர் சார். எங்க பாடத்துல வருவார்" என்று சிரித்தார்.

ரிட்டயர் ஆனவனுக்கு இது போதாதா? தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

படிப்படியாகப் பலத்தைக் கூட்டுவது பற்றி யார் எழுதினாலும் மைலோவில்தான் தொடங்குவார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டில், இத்தாலியின் தென்கோடியில் குரோட்டன் என்ற கிரேக்க நகரத்தில் வாழ்ந்த மல்யுத்த வீரர். ஒலிம்பிக்கில் ஆறு முறை வென்றவர். அதில் ஒன்று சிறுவர் பிரிவில். தினமும் ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கி நடந்தாராம். கன்று வளர வளர அவர் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினாராம்.

அழகான கதைதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கன்று நமக்காகக் காத்திருக்காது. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தால், நாம் இளைத்திருப்போம், அது கொழுத்திருக்கும்.

இந்தச் சங்கடம் எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். எங்கள் ஊர் தேகப்பயிற்சி சாலையில் மூன்றே மூன்று கர்லாக்கட்டைகள். சின்னதை நான் நன்றாகவே சுற்றுவேன். அடுத்ததோ ஏறக்குறைய இரண்டு பங்கு எடை. இடையில் ஒன்றும் கிடையாது. "உனக்கு இவ்வளவுதான்டா" என்று வஸ்தாது சொல்லிவிட்டார். நானும் அதை நம்பிவிட்டேன்.

மேல்நாட்டிலும் நெடுங்காலம் இதே கதைதான். மேடையில் வித்தை காட்டிய பலசாலிகளின் பார்பெல்கள் பலவும் வார்த்தெடுத்த ஒரே இரும்பு. எடை மாறாது. 1902-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் என்பவர், எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற பார்பெல்களைச் செய்து விற்க ஒரு கம்பெனி தொடங்கினார். அதற்கு மைலோவின் பெயரையே வைத்தார். கன்றுக்குட்டி வீட்டுக்கே வந்துவிட்டது. இந்த முறை நாம் சொன்னால்தான் வளரும்!

ஆனாலும் டாக்டர்கள் ஒப்பவில்லை. கனமான எடை தூக்கினால் இதயம் கெடும், தசைகள் இறுகிப்போய் உடம்பு வளையாது என்று பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர்தான் தாமஸ் டிலோர்ம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக்காரர். பள்ளி வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். எழுந்த பிறகு பார்பெல்லைப் பிடித்துத்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டார். பிறகு டாக்டருக்குப் படித்தார்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சிகாகோவில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. முழங்காலில் அடிபட்டு, தொடைத் தசை சூம்பிப்போன சிப்பாய்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு அதுவரை கொடுத்த பயிற்சியெல்லாம் லேசான எடையைப் பலமுறை அசைப்பதுதான். அது களைப்புத் தாங்கும் சக்தியைத் தரும், இழந்த பலத்தைத் தராது என்றார் டிலோர்ம். பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டி, அதில் எடை சேர்த்து, காலை நீட்டச் சொன்னார். 1945-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

முதலில் ஒரு வேளைக்கு எழுபது முதல் நூறு தடவை வரை செய்ய வைத்தார். போகப்போக, அவ்வளவு தேவையில்லை என்று கண்டார். 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து கணக்கைச் சுருக்கினார். நம்மால் சரியாகப் பத்து தடவை தூக்க முடிகிற எடை எது என்று முதலில் பார்க்க வேண்டும். அது 10 கிலோ என்றால், முதலில் 5 கிலோவில் பத்து தடவை, அடுத்து ஏழரைக் கிலோவில் பத்து, கடைசியில் 10 கிலோவில் பத்து. அவ்வளவுதான். பலம் கூடக்கூட அந்தப் பத்தை மறுபடி அளந்து எடையை ஏற்ற வேண்டும். இன்றைக்கு ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் 'மூணு செட், பத்து பத்து' என்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு வேர் இங்கேதான்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் எவ்வளவு தூக்குகிறான் என்ற பேச்சே இதில் இல்லை. அளவுகோல் அவரவர் கால்தான். கன்று வளரும் வேகத்துக்கு மனிதன் ஓட வேண்டாம். மனிதன் தேறும் வரை இரும்பு காத்திருக்கும்.

"அதெல்லாம் இருபது வயதுச் சிப்பாய்களுக்கு, நமக்கு ஆகுமா?" என்பீர்கள். 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த பத்து பேர், சராசரி வயது 90. எட்டு வாரம் கால் தசைக்குக் கனமான எடைப் பயிற்சி. முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள்! ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், அவர்களுடைய உச்ச பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நம் வயதில் இது வைப்புநிதி அல்ல, மாதாமாதம் கட்ட வேண்டிய சந்தா.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தூக்கும்போது மூச்சை அடக்கவும் வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். அரைக் கிலோ ஒன்றாகி, ஒன்று ஒன்றரையாகி, இந்த ஆவணியில் இரண்டரைக் கிலோவில் நிற்கிறது. நடுவில் மூன்று வாரம் சளிக் காய்ச்சல். திரும்பி வந்தபோது ஒரு கிலோவுக்கு இறங்கித்தான் தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறி எட்டு மாதமாகப் பார்க்காத மொட்டைமாடியைப் போன வாரம் பார்த்துவிட்டு வந்தேன்.

வஸ்தாது இன்று இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: "குறை என்னிடம் இல்லை வாத்தியாரே, இடையில் இன்னும் ரெண்டு கட்டை இருந்திருக்கணும்."