எரிந்த புகையின் பாதை: டர்போ மேனிஃபோல்டின் நூறாண்டு வரலாறு

ஒரு காரில் டர்போ பொருத்துவது என்றாலே எல்லோரும் டர்போவைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த நிறுவனத்தின் டர்போ, எவ்வளவு குதிரைத்திறன் கூடும், எவ்வளவு பூஸ்ட் கிடைக்கும் என்றெல்லாம் விவாதம் நடக்கும். ஆனால் அந்த டர்போவுக்கு எஞ்சினின் புகையைக் கொண்டு வந்து சேர்க்கும் குழாயைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எனப்படும் இந்தக் குழாயின் வடிவம் சரியில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த டர்போவாக இருந்தாலும் பயனில்லை. சாலையில் ஓடும் காருக்கு எந்த மேனிஃபோல்டு நல்லது என்ற கேள்வி புதியது போலத் தோன்றும். உண்மையில் அதன் வேர் கார்களுக்கே டர்போ வராத காலத்தில், கப்பல் எஞ்சின்களில் இருக்கிறது.

வீணாகும் வெப்பம்

ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் 1879-ம் ஆண்டு வின்டர்தூர் நகரில் பிறந்தவர். எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கு புகையோடு வெளியேறி வீணாவது அவரை உறுத்தியது. அந்தப் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு 1905-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். டர்போசார்ஜரின் பிறப்பு அதுதான்.

ஆனால் நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1920களின் நடுவில் 'ப்ராய்சன்', 'ஹன்சாஸ்டாட் டான்சிக்' என்ற இரு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் பூஹியின் முறை வெற்றி பெற்றது. 1750 குதிரைத்திறன் தந்த பத்து சிலிண்டர் எஞ்சின் 2500 தந்தது. அதாவது ஏறத்தாழ 40 சதவிகிதம் கூடுதல்!

அதே 1925-ம் ஆண்டு பூஹி இன்னொரு காப்புரிமையும் பெற்றார். மேனிஃபோல்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

துடிப்பா, அழுத்தமா?

எஞ்சினிலிருந்து புகை ஆற்று நீர் போல ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வால்வும் திறக்கும்போது ஒரு வெடிப்பு போலப் புகை வெளியே பாய்கிறது. இதயத் துடிப்பு போல விட்டு விட்டு வரும் இந்த அலைகளை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒரு பெரிய அறையில் சேர்த்து, அழுத்தத்தைச் சமப்படுத்தி, பிறகு டர்போவுக்கு அனுப்பலாம். இது நிலையான அழுத்த முறை. அல்லது ஒவ்வொரு துடிப்பையும் அதன் வேகம் குறையாமல் குறுகிய குழாய் வழியே நேராக டர்போவின் சக்கரத்தில் மோதச் செய்யலாம். இது துடிப்பு முறை.

1925-ல் பூஹி சொன்னது இரண்டாவது வழி. அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சிலிண்டரின் புகை பக்கத்துச் சிலிண்டருக்குள் திரும்பிப் போய்விடக் கூடாது. அதற்காக, ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாத சிலிண்டர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து தனித்தனிக் குழாய்களில் இணைத்தார்.

நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். அதில் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகின்றன. கிராங்க் ஒவ்வொரு 180 டிகிரி சுழலும்போதும் ஒரு சிலிண்டர் புகை விடுகிறது. ஆனால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு 240 டிகிரிக்கும் மேல் திறந்திருக்கிறது. ஆகவே முதல் சிலிண்டர் தன் புகையை முழுதும் விட்டு முடிக்கும் முன்பே மூன்றாவது சிலிண்டர் வெடித்துப் பாய்கிறது. நான்கும் ஒரே குழாயில் சேர்ந்தால் அந்த அலை முதல் சிலிண்டருக்குள் சூடான புகையைத் திரும்பத் தள்ளும். புதிய காற்றுக்கு இடம் குறையும். எஞ்சின் 'நாக்' அடிக்கும் அபாயமும் கூடும். மாறாக 1-ம் 4-ம் ஒரு குழாய், 2-ம் 3-ம் இன்னொரு குழாய் என்று பிரித்தால் ஒவ்வொரு குழாயிலும் துடிப்புகளுக்கு நடுவே 360 டிகிரி இடைவெளி கிடைக்கும். பிற்காலத்தில் 'ட்வின் ஸ்க்ரோல்' என்ற பெயரில் கார் விளம்பரங்களில் வந்தது இதே தத்துவம்தான்.

கார்களுக்கு வந்த டர்போ

1962-ம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒன்று ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், மற்றொன்று ஷெவ்ரலே கோர்வேர் மொன்சா ஸ்பைடர். ஜெட்ஃபயரில் நாக் வராமல் தடுக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தொட்டியில் நிரப்ப வேண்டும். பல உரிமையாளர்கள் நிரப்ப மறந்தார்கள். 1963-க்குப் பிறகு அந்தக் கார் இல்லை.

கோர்வேரின் கதை வேறு. அதில் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வே கிடையாது. சைலன்சர் தரும் எதிரழுத்தமும் கார்புரேட்டரின் அளவுமே பூஸ்டை மட்டுப்படுத்தின. புகை போகும் பாதையே கட்டுப்பாட்டுக் கருவியாக வேலை செய்த கார் அது!

ஐரோப்பாவில் 1973-ல் பி.எம்.டபிள்யூ 2002 டர்போ வந்தது. எண்ணெய் நெருக்கடி வந்த அதே ஆண்டு. 1672 கார்களோடு அதன் உற்பத்தி முடிந்தது. 1975 முதல் விற்பனையான போர்ஷே 911 டர்போவில் 260 குதிரைத்திறன் இருந்தது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எதுவும் நடக்காது. சற்று நேரம் கழித்து மொத்தச் சக்தியும் ஒரே நேரத்தில் பின் சக்கரங்களுக்கு வந்து சேரும். வளைவில் அப்படி வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தத் தாமதத்துக்குத்தான் 'டர்போ லேக்' என்று பெயர். சாலைக் காரைப் பொறுத்தவரை இது வெறும் வசதிக் குறைவு அல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பந்தயத்திலும் இதே பாடம் கிடைத்தது. 1977-ல் ரெனோ நிறுவனம் ஃபார்முலா ஒன்றில் ஒற்றை டர்போ கொண்ட வி6 எஞ்சினோடு இறங்கியது. கார் அடிக்கடி புகைந்து நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று கேலி செய்தார்கள். 1979-ல் ஒவ்வொரு பக்கத்து மூன்று சிலிண்டர்களுக்கும் ஒரு சிறிய டர்போ என்று மாற்றினார்கள். மூன்று சிலிண்டர்களின் துடிப்புகளுக்கு நடுவே 240 டிகிரி இடைவெளி இருப்பதால் இடைஞ்சல் மிகக் குறைவு. அதே ஆண்டு டிஜோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் ஜான் பியர் ஜபூயி வென்றார். டர்போ காரின் முதல் ஃபார்முலா ஒன் வெற்றி அது.

அன்றாடச் சாலைக்கு டர்போவைப் பழக்கியது ஸ்வீடனின் சாப் நிறுவனம். 1977-ல் அறிமுகமான சாப் 99 டர்போவில் பெர் கில்பிராண்ட் தலைமையிலான பொறியாளர்கள் சிறிய டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் பயன்படுத்தினார்கள். உச்ச வேகத்தில் சாதனை படைப்பது அவர்கள் நோக்கமல்ல. குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைக்க வேண்டும் என்பதே குறி. சாலைக் காருக்கு மேனிஃபோல்டு தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இதுவே முதல் விதி.

வார்ப்பிரும்பா, எஃகுக் குழாயா?

தொழிற்சாலைக் கார்களில் நெடுங்காலமாக இருந்தது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. அதில் எளியது 'லாக்' வகை, அதாவது மரக்கட்டை போன்ற ஒரே தடித்த குழாய். எல்லாச் சிலிண்டர்களும் அதில் நேராகத் திறக்கும். இடம் குறைவு, விலை குறைவு. உள்ளே கொள்ளளவு சிறியது என்பதால் டர்போவும் சீக்கிரம் சுழலத் தொடங்கும். ஆனால் அதிகச் சுழற்சியில் புகை ஒன்றோடொன்று மோதி மூச்சுத் திணறும்.

பந்தயத்தில் பிறந்தது எஃகுக் குழாய்களை வளைத்து பற்றவைக்கும் 'டியூபுலர்' வகை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் சம நீளத்தில் தனிக் குழாய், முடிவில் அழகான சங்கமம். பானெட்டைத் திறந்தால் கண்ணைக் கவரும். அதிகச் சுழற்சியில் சக்தியும் கூடும். ஆனால் இதன் எதிரி வெப்பம்.

பெட்ரோல் எஞ்சினின் புகை முழுச் சுமையில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு சாதாரண வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். அரை மீட்டர் நீளக் குழாய் 700 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். ஆனால் அதன் ஒரு முனை அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. மறுமுனையில் பல கிலோ எடையுள்ள டர்போ தொங்குகிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் பற்றவைப்புகள் இழுபடும். ஒரு நாள் விரிசல் விடும். விரிசல் வழியே துடிப்பு வெளியேறினால் பூஸ்ட் குறையும். வெளியேறும் சூடான புகை பக்கத்து ஒயர்களையும் எரிபொருள் குழாய்களையும் தொட்டால் தீ விபத்துதான்.

இதனால்தான் பட்டறைகளில் மெல்லிய குழாய்க்குப் பதில் நீராவிக் குழாய் போன்ற தடித்த சுவர் குழாய்களை வெட்டிப் பற்றவைக்கும் பழக்கம் வந்தது. எடை கூடும், ஆனால் ஆண்டுக் கணக்கில் தாங்கும். செலவு செய்ய முடிந்தவர்கள் டைட்டானியம் சேர்த்த 321 ரக எஃகை நாடினார்கள். எந்த வகையானாலும் டர்போவின் எடையைத் தாங்க எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுப்பது அவசியம்.

நடுவழி

ஜப்பானியர்கள் ஒரு நடுவழி கண்டார்கள். 1996-ல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 4 காரில் ட்வின் ஸ்க்ரோல் டர்போ இருந்தது. பாதைகளைப் பிரித்த மேனிஃபோல்டு பூஹியின் குழுப் பிரிப்பை அப்படியே செய்தது. 2003-ல் ஜப்பானில் வெளியான சுபாரு லெகசியும் சம நீளக் குழாய்களோடு ட்வின் ஸ்க்ரோலுக்கு மாறியது. விளைவு? சுபாரு ரசிகர்கள் விரும்பிய அந்தக் 'கடகட' ஒலி காணாமல் போனது. அந்த ஒலி சமமற்ற நீளக் குழாய்களால் வந்தது என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

2010களில் தேர்வே இல்லாத எஞ்சின்கள் வந்தன. 2012-ல் வந்த ஃபோர்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்டில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. புகையின் வெப்பம் குறைவதால், அதைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் தேவையும் குறைகிறது. அத்தகைய எஞ்சினில் கழற்றி மாற்ற எதுவும் இல்லை.

மாற்ற முடிகிற கார்களுக்கு இந்த நூறாண்டு வரலாறு சொல்லும் விடை எளிது. தினமும் அலுவலகம் போகும் கார் பெரும்பாலான நேரம் 5000 சுழற்சிக்குக் கீழேதான் ஓடுகிறது. அதற்குக் குறுகிய, வலுவான வார்ப்பிரும்பே போதும். எஞ்சினுக்கு ஏற்ற பிரிந்த பாதை கிடைத்தால் இன்னும் நல்லது. அழகான நீளக் குழாய்கள் பந்தயத் திடலுக்கு உரியவை. அங்கே விரிசலைத் தேடிப் பார்க்க ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆல்ஃபிரட் பூஹி 1959-ல் காலமானார். முதல் டர்போ கார் ஷோரூமுக்கு வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் ஒரு மெக்கானிக் '1-ம் 4-ம் ஒரு பக்கம், 2-ம் 3-ம் ஒரு பக்கம்' என்று குழாய்களைப் பிரித்துப் பற்றவைக்கும்போதெல்லாம், பெயர் தெரியாமலேயே பூஹியின் கணக்கைத்தான் போடுகிறார்.