கடல் கடந்த ஆசிரியத் தொண்டு

1950ஆம் ஆண்டில் அச்சான ஆப்பிரிக்க வரைபடம் ஒன்றையும், 1965ஆம் ஆண்டில் அச்சான வரைபடம் ஒன்றையும் அருகருகே வைத்துக் காணும் மாணவர் வியப்படைவார். முன்னதில் கண்டத்தின் பெரும்பகுதி ஐரோப்பிய அரசுகளின் வண்ணங்களைத் தாங்கி நிற்கும். பின்னதில் முப்பதுக்கும் மேற்பட்ட சுதந்திர நாடுகளின் பெயர்களைக் காணலாம். 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன.

பழைய கொடியை இறக்கிப் புதிய கொடியை ஏற்ற ஓர் இரவு போதும். உயர்நிலைப் பள்ளிக்குத் தக்க ஆசிரியர் ஒருவரை உருவாக்க ஓர் இரவு போதுமா? பள்ளிப் படிப்பு, பட்டப் படிப்பு, அதன்மேல் ஆசிரியப் பயிற்சி எனக் கணக்கிட்டால், தொடக்கப் பள்ளியைக் கடந்த சிறுவன் ஆசிரியனாக வகுப்பில் நிற்பதற்குப் பத்து ஆண்டுகளேனும் வேண்டும். குடியேற்ற ஆட்சியினர் அந்தப் பத்து ஆண்டுகளை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தாரில்லை. 1961இல் விடுதலை பெற்ற தாங்கனீக்காவில் பயிற்சி பெற்ற பொறியாளர் இருவரும் மருத்துவர் பன்னிருவருமே இருந்தனர் என்று அந்நாட்டுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே பிற்காலத்தில் கூறியதுண்டு. 1964இல் விடுதலை பெற்ற சாம்பியாவில் அந்நாட்டு மக்களுள் பட்டம் பெற்றோர் ஏறத்தாழ நூறு பேரே. ஆயினும் 1961 மே மாதத்தில் அடிஸ் அபாபா நகரில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளின் கல்வி மாநாடு, 1980ஆம் ஆண்டுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி அளிப்பதெனத் துணிந்து முடிவு செய்தது. குழந்தைகள் இருந்தனர், பெற்றோரிடம் ஆர்வமும் இருந்தது. ஆசிரியர் எங்கே?

இவ்விடத்தில்தான் கடல் கடந்து தொண்டாற்ற வந்த இளைஞர்களின் வரலாறு தொடங்குகிறது.

கானா நாட்டை எடுத்துக்கொள்வோம். அது கோல்ட் கோஸ்ட் என்னும் பெயருடன் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்திலேயே, 1951இல், குவாமே நிக்ருமா அரசாங்கப் பொறுப்பை ஏற்றார். உடனே விரைவுக் கல்வித் திட்டம் ஒன்று வகுக்கப்பெற்றது. 1952 முதல் தொடக்கப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் நீங்கியது. பிள்ளைகள் வெள்ளமெனத் திரண்டு பள்ளிக்கு வந்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியர் போதாமையால், பள்ளிப் படிப்பை அப்பொழுதுதான் முடித்த இளைஞர்களே பயிற்சியின்றிக் கிராமப் பள்ளிகளில் கற்பிக்க அமர்த்தப்பெற்றனர். 1957 மார்ச் 6ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. தொடக்கப் பள்ளியை முடித்த அப்பிள்ளைகள் அடுத்து உயர்நிலைப் பள்ளியின் வாயிலில் வந்து நின்றபோது, அங்கே கணிதமும் அறிவியலும் கற்பிக்கப் பட்டதாரிகள் இல்லை.

1958இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பாரும் அவர் துணைவியார் மோராவும் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். பள்ளியிறுதி முடித்துப் பல்கலைக்கழகம் புகுமுன் உள்ள பதினெட்டு வயது இளைஞர்கள் ஓராண்டு அயல்நாட்டில் தொண்டு செய்ய வேண்டும் என்பது டிக்சனின் கருத்து. உணவும் உறையுளும் கைச்செலவுக்குச் சிறு தொகையுமே ஊதியம். 1962 முதல் அவ்வமைப்பு பட்டதாரிகளையும் அனுப்பலாயிற்று. வரவேற்கும் நாடுகளுக்கு வேண்டியவர் ஆர்வமிக்க சிறுவர் அல்லர், பாடம் அறிந்தவரே என்பது விரைவில் புலப்பட்டது போலும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் கண்டிப்பான மாதிரி வகுப்புகளைக் கடந்து வந்த எனக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வகுப்பை ஒப்படைப்பது என்றும் உடன்பாடானதன்று. எனினும் அம்முதல் இளைஞர்களின் துணிவை மெச்சாமலும் இருக்க இயலவில்லை.

அமெரிக்க நாட்டில் 1961 மார்ச் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி ‘அமைதிப் படை’யைத் தோற்றுவித்தார். பெயரில் படை என்றிருப்பினும் இது ஆயுதம் ஏந்தாத படை. சார்ஜென்ட் ஷ்ரைவர் இதன் முதல் தலைவர். இரண்டாண்டுத் தொண்டு, வாழ்வுக்கு வேண்டிய படி, பணி முடித்துத் திரும்பும்போது மாதம் 75 டாலர் வீதம் சேர்த்துவைத்த தொகை. இப்படையின் முதல் குழு சென்ற நாடு கானா. 1961 ஆகஸ்ட் 30ஆம் நாள் 51 பேர் அக்ரா விமான நிலையத்தில் இறங்கினர். இறங்கியவுடன் அந்நாட்டு மொழிகளுள் ஒன்றாகிய ட்வி மொழியில் ஒரு பாட்டைப் பாடினர். கலிபோர்னியாவில் பயிற்சி பெற்றபோது அதனைக் கற்று வந்திருந்தனர். ஐரோப்பிய அதிகாரிகள் பலர் பல ஆண்டுகள் வாழ்ந்தும் செய்யாத காரியம் அது. வரவேற்க வந்தோர் மனம் நெகிழ்ந்ததில் வியப்பில்லை.

இங்கு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொண்டர் ஆப்பிரிக்கக் கிராமத்திற்குச் சென்று மரத்தடியில் சிறு குழந்தைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தனர் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அக்குழுவினர் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளுக்கே அனுப்பப்பெற்றனர். காரணம் எளிது. சிறு குழந்தைக்குத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும். பாட்டுப் பாடித் தெரிந்த ட்வி மொழி அதற்குப் போதாது. அப்பணிக்கு, பயிற்சி குறைந்தவராயினும் உள்ளூர் ஆசிரியரே தக்கவர். ஆங்கிலத்தில் நடந்த உயர் வகுப்புகளில்தான் வெளிநாட்டார் பயன்பட்டனர். அங்கும் இடர்ப்பாடு இல்லாமலில்லை. மாணவர்களின் தலைவிதியை நிருணயித்தது 1952இல் அமைந்த மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வுக் குழு. அதன் பாடத்திட்டமோ ஆங்கிலேய மரபில் வந்தது. வண்ணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் அமெரிக்கர் விட்டுவிடும் ஓர் எழுத்தைக்கூட வகுப்பில் மீண்டும் சேர்த்தெழுதப் பழக வேண்டியதாயிற்று. தாம் கற்றதை அப்படியே கற்பிக்க வந்தவர், முதலில் தம் மாணவர் எழுதப்போகும் தேர்வைப் படித்தாக வேண்டும்.

இனி, அந்த ஆண்டிலேயே நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சி. நைஜீரியா விடுதலை பெற்று ஓராண்டும் இரண்டு வாரமும் ஆகியிருந்த நேரம். இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் அமைதிப் படையின் புதிய குழு ஒன்று பயிற்சி பெற்றுவந்தது. அக்குழுவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் ஊரிலுள்ள நண்பருக்கு அஞ்சலட்டை ஒன்று எழுதினார். மக்கள் தெருவிலேயே சமைப்பது, விற்பது, வாழ்வது முதலியவற்றைக் கண்டு தாம் அதிர்ச்சியுற்றதை அதில் குறித்திருந்தார். 1961 அக்டோபர் 14ஆம் நாள் அவ்வட்டை அஞ்சற்பெட்டியைச் சேருமுன் வழியில் விழுந்துவிட்டது. அதனைக் கண்டெடுத்த மாணவர் படியெடுத்துக் கல்லூரி முழுதும் பரப்பினர். கிளர்ச்சி எழுந்தது. தொண்டரோடு உடனிருந்து உண்ணவும் மாணவர் மறுத்தனர். தொண்டர் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். சில நாட்களுக்குப் பின்னரே இரு சாராரும் பேசத் தொடங்கினர். எழுதிய பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாடு திரும்பினார். கென்னடி அவருக்கு ஆறுதல் கூறி ஒரு கடிதம் அனுப்பினார்.

அந்த அட்டையில் பொய் ஏதும் இல்லையே என்று அன்று பலர் கேட்டனர். கேள்வி அதுவன்று. ஒரு மாணவனின் வீட்டில் கூரை ஒழுகுவதை ஆசிரியர் கண்டால், அவர் கண்டது உண்மையே. அதனை மற்றோர் ஊருக்கு அஞ்சலட்டையில் எழுதினால் அம்மாணவன் மறுநாள் அவர் முகத்தை எவ்வாறு நோக்குவான்? ஆண்ட நாட்டாரின் ஏளனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட இனத்தவர், உதவ வந்தவரின் எழுத்திலும் அதே குரலைக் கேட்டனர். அப்பெண்ணுக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அம்மாணவரின் சினத்தையும் குறைகூற முடியவில்லை. அக்குழுவின் மற்றவர்கள் திரும்பிப் போய்விடவில்லை, தங்கிப் பணியாற்றினர்.

கிழக்கே எத்தியோப்பியாவின் கதை சற்று வேறானது. இத்தாலியரிடமிருந்து 1941இல் மீண்ட அந்நாட்டின் பள்ளிகளில் இந்திய ஆசிரியர் ஆயிரக்கணக்கில் பணியாற்றினர். அவருள் கேரளத்தவர் பலர், தமிழ்நாட்டினரும் உண்டு. அவர்கள் ஊதியத்துக்குச் சென்றவர்கள். தொண்டர் என்னும் பெயர் அவர்களுக்கு இல்லை. ஆனால் மலைநாட்டுச் சிற்றூர்களில் பல ஆண்டுகள் இருந்து கணிதமும் பௌதிகமும் கற்பித்த அவர்களுடைய பணி, இரண்டாண்டில் திரும்பிய தொண்டரின் பணிக்குக் குறைந்ததன்று. 1962இல் அமைதிப் படையினர் 250க்கு மேற்பட்டோர் ஒருங்கே அங்கு வந்து சேர்ந்தனர்.

அடுத்த இரண்டாண்டில் அந்நாட்டுப் பல்கலைக்கழகமே ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. 1964 முதல், மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் ஓராண்டு வெளி மாகாணங்களுக்குச் சென்று தொண்டாற்ற வேண்டும். பெரும்பாலோர்க்குக் கிடைத்தது ஆசிரியப் பணி. தலைநகர இளைஞர் தம் நாட்டு உழவரின் வாழ்வை நேரிற்கண்டனர். விளைச்சலில் பெரும்பங்கை நிலக்கிழார் கொண்டுபோவதையும் கண்டனர். உழுபவனுக்கே நிலம் என்னும் முழக்கம் 1965இல் தலைநகர் வீதிகளில் எழுந்தது. 1974இல் பேரரசர் ஹைலே செலாசி அரியணை இழந்தார். ஊர்ப்புறத்தில் கற்பித்துத் திரும்பிய மாணவரின் பங்கும் அப்புரட்சியில் உண்டு என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டு திரும்பினால் என்ன நிகழும் என்பதைப் பேரரசர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

தாங்கனீக்காவோடு சான்சிபார் இணைந்து 1964இல் தான்சானியா ஆயிற்று. நைரேரே தாமே பள்ளியாசிரியராக இருந்தவர். சுவாஹிலி மொழியில் ஆசிரியர் எனப் பொருள்படும் ‘ம்வாலிமு’ என்னும் சொல்லாலேயே மக்கள் அவரை இறுதிவரை அழைத்தனர். 1967இல் அவர் தற்சார்புக் கல்வி பற்றிய தம் கொள்கையை வெளியிட்டார். உழவனின் மகனை உழவிலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்துச் செல்லும் கல்வியை அதில் அவர் கடிந்துரைத்தார். 1969இல் அமைதிப் படை அந்நாட்டை விட்டு நீங்கிற்று. மீண்டும் சென்றது 1979இல்.

1974இல் தான்சானியா, மூன்றே ஆண்டுகளில் எல்லாக் குழந்தைகளையும் பள்ளியில் சேர்ப்பதென உறுதி பூண்டது. அதற்கு வேண்டிய ஆயிரமாயிரம் ஆசிரியரை எந்த வெளிநாடும் அனுப்ப இயலாது. ஆகவே ஏழாம் வகுப்பு முடித்த கிராமத்து இளைஞரும் பெண்களும் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அவர்கள் அருகிலுள்ள பள்ளியில் சில பாடவேளை கற்பித்தனர். எஞ்சிய பொழுதில் தாமே மாணவராயினர். அஞ்சல்வழிப் பாடங்கள் வந்தன. பயிற்றாசிரியர் ஊர் ஊராகச் சென்று அவர்களைக் கண்டனர். வானொலியிலும் அவர்களுக்கெனப் பாடங்கள் ஒலிபரப்பாயின. மூன்றாண்டு அளவில் பயிற்சி முடிந்தது. இம்முறையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆசிரியராயினர். கல்வியின் தரம் தாழ்ந்தது என்ற குறை எழுந்தது. அது நியாயமான குறையே. ஏழாம் வகுப்புக் கல்வியைக்கொண்டு அதே ஏழாம் வகுப்புக்குக் கற்பிப்பது எளிதன்று. ஆனால் இந்த ஆசிரியர் தம் ஊர் மொழியை அறிந்தவர். மழைக்காலத்தில் எந்தக் குழந்தை ஏன் வரவில்லை என்பதைக் கேளாமலே உணர்பவர். இரண்டாண்டு முடிந்ததும் விமானம் ஏறிச் செல்லாதவர். அவ்வூரில் வேறு ஆசிரியரே இல்லை என்னும் நிலையில், நான் அங்குக் கல்வி அதிகாரியாக இருந்திருப்பின் நானும் அவரையே அமர்த்தியிருப்பேன்.

இந்நாட்களில் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று பணம் செலுத்தி ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று வரும் வழக்கம் மேலைநாட்டு இளைஞரிடையே பெருகியுள்ளது. சென்று காண்பதில் தவறில்லை. ஆனால் மூன்று வாரத்தில் ஒரு வகுப்பின் பிள்ளைகளின் பெயர்களை அறிந்துகொள்ளலாம். பின்னத்தைக் கற்பித்து முடிக்க இயலாது.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மீண்டும் வருவோம். கானாவிலும் நைஜீரியாவிலும் 1973இல் தேசியத் தொண்டுத் திட்டங்கள் தோன்றின. பட்டம் பெற்ற இளைஞர் தம் நாட்டுக்குக் குறிப்பிட்ட காலம் பணிபுரிய வேண்டும். நைஜீரியாவில் ஓர் இளைஞரைப் பெரும்பாலும் அவருடைய சொந்த மாநிலத்தில் அமர்த்துவதில்லை. லாகோஸ் நகரத்து யொருபா இளைஞர், ஹௌசா மொழி பேசும் வடபுலத்துச் சிற்றூர்ப் பள்ளியில் போய் நிற்பார். மொழியும் உணவும் புதியவை. அவரும் அங்கே ஒருவகையில் கடல் கடந்தவரே. உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றாண்டே ஆன நிலையில், பிரிந்து நின்ற மக்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்றே அந்நாட்டு அரசாங்கம் அவ்வாறு வகுத்தது.

1987இல் நைஜீரியா இன்னும் ஓரடி முன் வைத்தது. தன் ஆசிரியர், மருத்துவர், பொறியாளர் ஆகியோரைத் தொண்டர்களாக அயல்நாடுகளுக்கு அனுப்பும் படை ஒன்றை அமைத்தது. அவர்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும், கரீபியன் கடல் நாடுகளுக்கும், பசிபிக் தீவுகளுக்கும் சென்று, அங்குள்ளோர் கேட்ட பணியில் இரண்டாண்டு அமர்கின்றனர். 26 ஆண்டுகளுக்கு முன் ஓர் அஞ்சலட்டை வழியில் விழுந்த நாட்டிலிருந்து, ஆசிரியர்கள் இப்பொழுது பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நாடுகளின் பள்ளிகளுக்குப் புறப்பட்டனர்.