புஷ்பக் முதல் புதிய ஹன்சா வரை: மைசூர் மண்ணில் இலகு விமானத்தின் வளர்ச்சி

இந்திய விமானத் தொழிலோடு மைசூர் சமஸ்தானத்துக்கு ஏற்பட்ட உறவு முதலீட்டில் தொடங்கியது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோது, சமஸ்தான அரசு பங்குதாரராகச் சேர்ந்து நிலமும் கொடுத்தது. பின்னர் 1960இல் தேசிய வானூர்தி ஆய்வகம் டெல்லியிலிருந்து பெங்களூருக்கு வந்தபோது, அது முதலில் குடியேறியது ஜெயமகால் சாலையில் இருந்த மைசூர் மகாராஜாவின் அரண்மனைக் குதிரை லாயத்தில். இரண்டு பேர் அமர்ந்து பறக்கும் சிறு விமானத்தை இந்தியா தானே செய்துகொண்ட கதை பெரும்பாலும் இவ்விரு நிறுவனங்களின் கதைதான்.

அவற்றில் முந்தைய நிறுவனம் தந்தது புஷ்பக். 1958இல் பறந்த இந்த விமானம் அமெரிக்க ஏரோன்கா சீஃப் விமானத்தின் அமைப்பைத் தழுவியது. மேலே இறக்கை, வாலில் சிறு சக்கரம், எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின் என எல்லாமே எளிமை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புஷ்பக்குகள் கட்டப்பட்டன. நாடெங்கும் உள்ள பிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கற்றனர். அதன் தயாரிப்பு நின்றபின் உள்நாட்டுப் பயிற்சி விமானத்துக்கான அந்த இடம் நெடுங்காலம் வெற்றாகவே கிடந்தது. பயிற்சிக்கு இறக்குமதியான செஸ்னாக்களே கைகொடுத்தன.

அந்த வெற்றிடத்தை நோக்கித்தான் ஆய்வகம் ஹன்சாவை வடிவமைத்தது. 1993 நவம்பரில் ஹன்சா-2 பறந்தது. 1996 நவம்பரில் ஹன்சா-3 பறந்தது. இறக்கை கீழே, சக்கரம் மூக்கில், உடல் முழுக்கக் கண்ணாடியிழையும் கரிமஇழையும் கலந்த கூட்டுப்பொருள். ஐரோப்பிய மிக இலகு விமான விதிகளின்படி அதற்குச் சான்றிதழ் பெறப்பட்டது. அந்த விதிகள் 750 கிலோவுக்கு மேல் எடையையும் இரண்டுக்கு மேற்பட்ட இருக்கைகளையும் அனுமதிப்பதில்லை. பழைய ஹன்சாவின் உருவத்தை இந்த வரம்புதான் தீர்மானித்தது.

அதன் இதயம் ரோட்டாக்ஸ் 914 எஞ்சின். இதில் டர்போசார்ஜர் உண்டு. ஓடுபாதையில் கிளம்பும்போது விமானி திராட்டிலை நூறு விழுக்காட்டுக் குறியைத் தாண்டித் தள்ளினால் 115 குதிரைத்திறன் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்குள் கையைப் பின்னிழுத்துவிட வேண்டும். அதன்பின் தொடர்ந்து கிடைப்பது 100. பெங்களூர், மைசூரு போன்ற மேட்டுநில ஓடுபாதைகளுக்கு இது பெரிய வரம். மைசூரு மண்டகள்ளி விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகலில் வெயில் 35 டிகிரியைத் தொட்டால், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத் திட்ட அளவைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்துவிடும். டர்போ இல்லாத 100 குதிரைத்திறன் எஞ்சினிடம் அப்போது 90க்கும் கீழேதான் எதிர்பார்க்க முடியும்.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் புதிய ஹன்சாவை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. 2021 செப்டம்பர் 3ஆம் தேதி பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து எழுந்த ஹன்சா-என்ஜி, 4,000 அடி ஏறி, 80 நாட் வேகம் தொட்டு, சுமார் 20 நிமிடத்தில் தரையிறங்கியது. அதிலிருப்பது ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ்சி எஞ்சின். இதில் டர்போவும் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. எரிபொருளை அளந்து தெளிப்பது மின்னணுக் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று மாற்றாக இரண்டு தடங்களில் ஓடுகிறது. புறப்படுமுன் மாணவர் முதலில் ஒரு தடத்தை அணைத்து, எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, அதை மீண்டும் போட்டுவிட்டு மற்றதையும் அதேபோலச் சோதிக்க வேண்டும். முள் காட்டும் கடிகாரங்கள் இருந்த பலகையில் இப்போது திரைகள். அறை அகலமாகியிருக்கிறது; ஃபிளாப்புகள் மின்சாரத்தில் இயங்குகின்றன.

இவ்வளவு மாறியும் வேகம் அதிகம் மாறவில்லை. புதியதற்கு ஆய்வகம் சொல்லும் அதிகபட்சப் பயண வேகம் 98 நாட். பழையதும் இதையொட்டியே பறந்தது. ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது: குறைந்த எரிபொருள், ஏழு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் பறப்பு, 620 கடல்மைல் வீச்சு. நாளெல்லாம் ஏறி இறங்கும் பயிற்சிப் பள்ளிக்கு, சூடேறி மராமத்து கேட்கும் டர்போவைவிட இதுவே ஏற்றது. ஆய்வகத்தின் தேர்வு சரியானது. ஆனால் 2022 பிப்ரவரியில் புதுச்சேரிக்குப் பறந்து சென்று நடத்திய கடல்மட்டச் சோதனைகள் தரும் எண்கள் மைசூருவுக்கு அப்படியே பொருந்தா. பழைய விமானத்தில் பழகிய பயிற்றுநர் கோடைப் பிற்பகலில் ஓடுபாதை நீளத்தைப் புதிதாகக் கணக்கிட்டே ஆக வேண்டும். அதே ஆண்டு மே மாதம் சித்ரதுர்கா மாவட்டச் சள்ளகெரெயில், 7,000 முதல் 8,000 அடி உயரத்தில் எஞ்சினை அணைத்துத் திரும்ப உயிர்ப்பித்துக் காட்டிய சோதனை, மின்னணுவை நம்பலாமா என்ற கேள்விக்கு நேரடியான பதில்.

ஹன்சா-3 ஏறத்தாழ 14தான் கட்டப்பட்டது. ஓசூரையடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் அதன் தயாரிப்பில் பங்கேற்றும், ஐ.ஐ.டி. கான்பூர் ஆராய்ச்சிக்கு ஒன்றைப் பயன்படுத்தியும், எண்ணிக்கை அங்கேயே நின்றது. குறை விமானத்தில் இல்லை. தொடர்ந்து கட்டவும், கெட்டுப்போன பாகத்துக்கு மாற்று அனுப்பவும் ஒரு தொழிற்சாலை பின்னால் நிற்கவில்லை. புஷ்பக்குக்கு அது இருந்தது. இம்முறை தயாரிப்பு உரிமம் 2025இல் மும்பையைச் சேர்ந்த பயனீர் கிளீன் ஆம்ப்ஸ் நிறுவனத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. அந்நிறுவனத்திடமும் ஆய்வகத்திடமும் தென்னகப் பயிற்சிப் பள்ளிகள் இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும்: மேட்டுநில ஓடுபாதைகளுக்கான முழுமையான செயல்திறன் அட்டவணை, பெங்களூருக்கு அருகிலேயே உதிரிபாகக் கிடங்கு.