நடுவரைத் தெரிவு செய்வது யார்? - பங்களாதேஷின் காபந்து அரசாங்கங்கள் தரும் பாடம்

பாராளுமன்ற ஜனநாயகத்தில் ஆளும் கட்சியே தேர்தல் களத்தில் ஒரு போட்டியாளராகவும் இருக்கிறது. பொலிஸ், நிருவாகச் சேவை, அரச ஊடகங்கள், வாகனங்கள் ஆகிய அனைத்தும் அந்தப் போட்டியாளரின் கையில் இருக்கும்போது நீதியான தேர்தல் எவ்வாறு சாத்தியமாகும் என்ற கேள்வி தெற்காசிய நாடுகள் எல்லாவற்றிலும் எழுந்ததுண்டு. அதற்கு மிகத் துணிச்சலான விடையை அரசியலமைப்பிலேயே எழுதிய நாடு பங்களாதேஷ். நீண்டகாலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில், டாக்காவில் இருந்து வந்த செய்திகளை ஒவ்வொரு தேர்தல் காலத்திலும் நான் தனிக்கவனத்துடன் வாசித்து வந்திருக்கிறேன். அவற்றில் எமது நாட்டுக்கும் ஒரு பாடம் இருப்பதாகவே எப்போதும் எண்ணினேன்.

1990 டிசம்பரில் மக்கள் எழுச்சியை அடுத்து ஜெனரல் எர்ஷாத் பதவி துறந்தபோது, பிரதான கட்சிகள் ஒன்றையொன்று நம்பத் தயாராக இருக்கவில்லை. எனவே பிரதம நீதியரசர் ஷஹாபுதீன் அஹமத்தைப் பதில் ஜனாதிபதியாக்கினார்கள். 1991 பெப்ரவரி 27 தேர்தலை நடத்தி முடித்த பின்னர் அவர் தமது நீதியரசர் ஆசனத்துக்கே திரும்பிச் சென்றார். அதற்கென அரசியலமைப்பே திருத்தப்பட்டது.

அத்தேர்தலில் வென்று பிரதமரான காலிதா ஸியா, அந்த ஏற்பாடு ஒரு தடவைக்கு மாத்திரமே உரியது என்று கருதினார். 1994 மாகுரா இடைத்தேர்தலில் முறைகேடுகள் நடந்ததாகக் குற்றஞ்சாட்டிய அவாமி லீக் உள்ளிட்ட எதிரணி, காபந்து அரசாங்க முறையை நிரந்தரமாக்குமாறு கோரிப் பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்தது. ஹர்த்தால்கள் நாட்டை முடக்கின. 1996 பெப்ரவரி 15 தேர்தலை எதிரணி முற்றாகப் புறக்கணித்தது. அதில் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் சில நாள்களே. ஆனால், அந்தக் குறுகிய காலத்தில்தான் மார்ச் மாதம் 13 ஆவது திருத்தம் நிறைவேறியது.

அத்திருத்தத்தின்படி, பாராளுமன்றம் கலைக்கப்பட்டதும் அரசாங்கம் விலக வேண்டும். இறுதியாக ஓய்வு பெற்ற பிரதம நீதியரசர் பிரதம ஆலோசகராவார். கட்சி சாராத, தேர்தலில் போட்டியிடாத பத்துக்கு மேற்படாத ஆலோசகர்கள் அவருடன் பணியாற்றுவர். அன்றாட நிருவாகமும் 90 நாள்களுக்குள் தேர்தலுக்கு உதவுவதுமே அவர்களின் கடமை. கொள்கைத் தீர்மானங்களை அவர்கள் எடுக்கலாகாது.

முதலாவது பிரதம ஆலோசகர் ஹபிபுர் ரஹ்மானின் காலத்தில், 1996 மே மாதம் ஜனாதிபதி இராணுவத் தளபதியைப் பதவி நீக்கியதால் நாடு சதிப்புரட்சியின் விளிம்புக்குச் சென்றது. அந்த நெருக்கடியையும் கடந்து ஜூன் 12 இல் தேர்தல் நடந்தது. அவாமி லீக் வென்றது. 2001 அக்டோபரில் லத்தீஃபுர் ரஹ்மானின் கீழ் நடந்த தேர்தலில் பங்களாதேஷ் தேசியவாதக் கட்சி வென்றது. இரு தடவையும் ஆட்சியில் இருந்தவர்கள் தோற்றார்கள். தோற்றவர்கள் முறைகேடு என்றார்கள். ஆயினும் ஆட்சி கைமாறியது.

கட்சிகள் இதனுடைய பலவீனத்தைக் கண்டுபிடிக்க நீண்டகாலம் செல்லவில்லை. ஓய்வு பெற்ற பிரதம நீதியரசரே நடுவர் என்றால், யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதைத் தீர்மானித்தால் போதும். 2004 இல் நீதியரசர்களின் ஓய்வு வயது 65 இலிருந்து 67 ஆக உயர்த்தப்பட்டது. அதனால் அடுத்த பிரதம ஆலோசகராக வரவேண்டியவர் கே.எம். ஹசன் என்றாயிற்று. அவர் முன்னர் ஆளும் கட்சியுடன் தொடர்புடையவராக இருந்தார் என்று அவாமி லீக் வீதிக்கு இறங்கியது. 2006 அக்டோபரில் அவர் பொறுப்பேற்க மறுத்தார். அரசியலமைப்பு வரிசைப்படுத்தியிருந்த ஏனைய தெரிவுகளை முறையாக ஆராயாமல் ஜனாதிபதி இயாஜுதீன் அஹமத் தாமே அப்பதவியை எடுத்துக்கொண்டார். விளைவு, 2007 ஜனவரி 11 அவசரகால நிலை. இராணுவத்தின் பின்பலத்துடன் ஃபக்ருதீன் அஹமத் தலைமையில் அமைந்த நிருவாகம் 90 நாள்களுக்குப் பதிலாக ஏறத்தாழ இரண்டு வருடங்கள் நீடித்தது. ஷேக் ஹசீனா, காலிதா ஸியா இருவரும் கைதானார்கள். அதே நிருவாகம்தான் வாக்காளர் இடாப்பைப் புகைப்படங்களுடன் புதிதாகத் தயாரித்து, ஒரு கோடிக்கும் அதிகமான மிகைப் பெயர்களை நீக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2008 டிசம்பர் தேர்தலில் வென்ற ஹசீனா, தாம் போராடிப் பெற்ற முறையையே ஒழித்தார். 2011 மே மாதம் உயர்நீதிமன்றம் 13 ஆவது திருத்தம் செல்லாது என்றது. அடுத்த இரு தேர்தல்களை அம்முறையின் கீழ் நடத்தலாம் என்றும் அது கூறியிருந்தது. பாராளுமன்றமோ அதற்குக் காத்திராமல் ஜூன் 30 இல் 15 ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. இப்போது காபந்து அரசாங்கம் கோரி வீதிக்கு இறங்கும் முறை காலிதா ஸியாவினுடையது. 2014 தேர்தலில் 300 ஆசனங்களில் 153 இல் போட்டியே இருக்கவில்லை. வாக்குப்பெட்டியால் மாற்ற முடியாத ஆட்சியை 2024 ஆகஸ்ட் 5 இல் வீதி மாற்றியது. மூன்று நாள்களின் பின்னர் முஹம்மது யூனுஸ் தலைமையில் மீண்டும் ஒரு கட்சிசாரா அரசு பதவியேற்றது. 2025 நவம்பரில் உயர்நீதிமன்றம் காபந்து அரசாங்க முறைக்கு எதிர்காலத்துக்கென மறுவாழ்வு கொடுத்தது.

இலங்கையில் நாம் வேறு வழியில் சென்றோம். அரசாங்கத்தை விலக்கி வைப்பதற்குப் பதிலாக, தேர்தல், பொலிஸ், அரசாங்க சேவை ஆகியவற்றைச் சுயாதீன ஆணைக்குழுக்களிடம் ஒப்படைப்பதே 2001 அக்டோபரில் வந்த 17 ஆவது திருத்தத்தின் நோக்கம். எமது கதையும் நியமனத்தில்தான் முறிந்தது. அரசியலமைப்பு பேரவை பரிந்துரைத்த தேர்தல் ஆணைக்குழுத் தலைவரை அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஏற்கவில்லை. ஆணைக்குழு அமையாததால், ஓய்வு பெற விரும்பிய தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க 2011 வரை பதவியில் தொடர நேர்ந்தது. 2005 இல் பேரவையின் காலம் முடிந்த பின்னர் அது மீள அமைக்கப்படவில்லை. 2006 இல் மகிந்த ராஜபக்ச தாமே ஆணைக்குழுக்களுக்கு நியமனங்களைச் செய்தார். 2010 இல் 18 ஆவது திருத்தம் பேரவையை ஒழித்தது. 2015 இல் 19 அதனை மீட்டது. 2020 இல் 20 மீண்டும் பறித்தது. 2022 இல் 21 திரும்பவும் கொண்டுவந்தது. 2010 இலும் 2015 இலும் ஆதரவாகக் கையுயர்த்தியவர்களில் பலர் ஒரே ஆட்கள்தான்.

இரு நாடுகளின் அனுபவமும் ஒன்றையே உணர்த்துகிறது. நடுநிலை நிறுவனத்தின் அதிகாரங்களை எவ்வளவு விரிவாக எழுதினாலும், அதில் அமரப்போகிறவரைத் தெரிவு செய்யும் வாசலைக் கட்சிகள் காவல் காக்குமாயின் அது நிலைக்காது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது நடுவரைக் கேட்பதும், ஆட்சிக்கு வந்ததும் அவரை வெளியேற்றுவதும் எமது அரசியல்வாதிகளின் வழக்கமாகிவிட்டது. ஆட்சியில் இருக்கும்போதே தமது கைகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு தலைமையைக் காணும் வரை, இந்தத் திருத்தங்களின் இலக்கங்கள் மாத்திரமே கூடிக்கொண்டு போகும்.