சாரதிக்குப் பின்னால் இயந்திரம்: ஒரு பந்தயக் கார் அமைப்பின் சமூக வரலாறு

தொழினுட்பத்தின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதும் மரபு நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. புதிய பொறியொன்று தோன்றியதும் அதனைப் படைத்தவர் யாரென வினவுகின்றோம்; எந்தச் சமூகச் சூழலில் அது வேரூன்றியது, எந்தச் சூழலில் வேரூன்றாது போயிற்று என்று வினவுவதில்லை. இயந்திரத்தைச் சாரதியின் முதுகுக்கும் பின் அச்சுக்கும் இடையே வைத்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார், இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. பந்தயக் கார் பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு; வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் வாழும் வாசகருக்கு அதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்யும் ஆலை 1950களில் நிறுவப்பட்ட ஊர் வாழைச்சேனை. கைக்குக் கிடைத்த பொருள் தொழினுட்பத்தின் வடிவை எவ்வாறு நிர்ணயிக்கின்றது என்பதை அவ்வூராருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதலிற் பொறியியல் அடிப்படையைச் சுருக்கமாகக் காண்போம். இயந்திரம் முன்னே இருந்து பின் சில்லுகளை இயக்குமாயின், இடையே நீண்டதொரு சுழல்தண்டு செல்ல வேண்டும். சாரதி அதன் மேல் அல்லது அதன் அருகே உயர்ந்து அமர்கிறார். கார் உயரமாகிறது, பாரமும் கூடுகிறது. இயந்திரத்தைப் பின்னே கொண்டு சென்றால் தண்டு வேண்டியதில்லை; சாரதி தாழ அமரலாம்; காற்றின் தடை குறையும். மற்றொரு நன்மையும் உண்டு. காவுதடியின் இரு நுனிகளிலும் சுமையைத் தொங்கவிட்டவன் திரும்புவதற்குச் சிரமப்படுவான். அதே சுமையைத் தோளருகே இழுத்துக் கட்டியவன் எளிதாகத் திரும்புவான். பாரம் நடுவே திரண்ட காரும் வளைவுகளில் அவ்வாறே விரைந்து திரும்புகிறது.

இந்த அமைப்பினைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுவந்த முதல் முயற்சிகளுள் முக்கியமானது ஜேர்மனியில் நிகழ்ந்தது. முதலாம் உலகப் போரின்போது விமானங்களைக் கட்டிய எட்மண்ட் றும்ப்ளர், தோல்வியின் பின் விமானத் தொழில் முடக்கப்பட்டமையால் கார்களின் பக்கம் திரும்பினார். நீர்த்துளி வடிவில் அவர் அமைத்த கார் 1921இல் பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அக்கருத்தைப் பின்பற்றி பென்ஸ் நிறுவனம் செய்த பந்தயக் கார்கள் 1923 செப்டெம்பரில் இத்தாலியின் மொன்சாவில் ஓடி நான்காம், ஐந்தாம் இடங்களைப் பெற்றன. குறைந்த வலுவுடைய கார்களுக்கு அது நல்ல பெறுபேறு. ஆயின் ஜேர்மன் நாணயம் மதிப்பிழந்து கடதாசியாகிக்கொண்டிருந்த ஆண்டு அது. பணமின்மையால் திட்டம் கைவிடப்பட்டது.

பத்தாண்டின் பின் அதே அமைப்பு அரச ஆதரவுடன் மீண்டும் வந்தது. சக்சனியின் நான்கு நிறுவனங்கள் 1932இல் இணைந்து உருவான ஒட்டோ யூனியன், 1934ஆம் ஆண்டின் புதிய பந்தய விதிகளுக்கென பதினாறு உருளை இயந்திரம் பின்னே பொருத்திய ஒற்றை இருக்கைக் காரை ஸ்விக்கௌ நகரிற் கட்டியது. வடிவமைத்தவர் பேர்டினண்ட் போர்ஷே. நாஜி அரசு தன் பெருமையை உலகுக்குக் காட்டும் கருவிகளுள் ஒன்றாகப் பந்தயத்தைக் கருதி, மெர்சிடிஸ் நிறுவனத்துக்கும் ஒட்டோ யூனியனுக்கும் மானியம் வழங்கியது. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்த பேர்ன்ட் ரோஸமையர் 1936இல் ஐரோப்பிய வெற்றிவீரரானார். 1938 சனவரியில் நெடுஞ்சாலையொன்றில் வேகச் சாதனை முயற்சியின்போது உயிரிழந்தார்.

பொதுவாக எழுதப்படும் வரலாறு இங்கே போர்ஷேயின் மேதைமையைப் போற்றிவிட்டு மேலே செல்லும். அவ்வரலாறு நெடுங்காலம் விட்டுச் சென்ற பெயர் ஒன்று உண்டு: அடோல்ஃப் ரோசன்பேர்கர். 1920களின் நடுப்பகுதியில் பென்ஸின் நீர்த்துளிக் காரைத் தாமே பந்தயங்களில் ஓட்டியவர் அவர். பின்னே வைத்த இயந்திரத்தின் இயல்பினை இருக்கையில் அமர்ந்து அறிந்த மிகச் சிலருள் ஒருவர். 1931இல் ஸ்ருட்கார்ட்டில் போர்ஷேயின் வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியபோது அதன் பங்காளராகவும், பணம் தந்து தாங்கியவராகவும், வணிக முகாமையாளராகவும் இருந்தவர். பென்ஸ் காருக்கும் ஒட்டோ யூனியன் காருக்கும் இடையே ஒரு மனிதப் பாலம் உண்டெனில் அது இவரே எனலாம். அவர் யூதர். 1933இன் தொடக்கத்தில் முகாமையாளர் பொறுப்பிலிருந்து விலகினார். 1935இல் அவரது பங்கு பெயரளவான விலைக்குக் கைமாறியது. அதே ஆண்டு கைதாகிக் கிஸ்லௌ வதைமுகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையானதும் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் வேறொரு பெயருடன் வாழ்ந்து 1967இற் காலமானார். யூத வழிவந்த றும்ப்ளரும் 1933இன் பின் சிறையிடப்பட்டுத் தொழிலை இழந்தார். தாம் வளர்த்த கருத்து அரச மானியத்துடன் வெற்றிவாகை சூடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதனை வளர்த்தோர் குடியுரிமை அற்றோராயினர். இதனை வெறும் தனிமனித அவலமாகக் கொள்ளல் தவறாகும். கருத்தை உடைமையாக்கிக் கருத்தாளனை நீக்கிவிடும் அரசியலின் இயல்பான விளைவு இது.

இத்துணைப் பணமும் அதிகாரமும் பின்னின்றும் அவ்வமைப்பு வேரூன்றவில்லை என்பது சிந்தனைக்குரியது. ஒட்டோ யூனியன் கார் ஓட்டுவதற்கு அரியது எனப் பெயர் பெற்றது. சாரதிக்கும் இயந்திரத்துக்கும் இடையே எரிபொருட் தாங்கி இருந்தமையால் அவர் மிக முன்னே தள்ளப்பட்டிருந்தார். பின்புறம் சறுக்கத் தொடங்குவதை உணர்வதற்குத் தாமதமாயிற்று. பின் சில்லுகளைத் தாங்கிய ஊசல் அச்சு வளைவுகளிற் சில்லின் சாய்வை மாற்றிப் பிடிப்பைக் குறைத்தது. குற்றம் பெரும்பாலும் அச்சில் இருந்தது. பழியோ இயந்திரத்தின் இடத்தின் மேல் விழுந்தது. 1938இல் அச்சு மாற்றப்பட்டதும் கார் பெரிதும் அடங்கியது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. அக்காரின் கடைசி வெற்றி பெல்கிரேட்டில் 1939 செப்டெம்பர் 3ஆம் நாள், பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்த அன்றே கிடைத்தது. போர் முடிவில் ஸ்விக்கௌவில் எஞ்சிய கார்களைச் சோவியத் படையினர் கொண்டு சென்றனர்.

இனி இலண்டனுக்குத் தென்மேற்கே சர்பிற்றன் என்னும் இடத்தில் இருந்த சிறிய கராஜுக்கு வருவோம். 1946ஆம் ஆண்டு. வென்ற நாடான பிரித்தானியாவிலும் பெற்றோல் பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது, உருக்கும் அரிது. கராஜின் உரிமையாளர் சார்ள்ஸ் கூப்பர் முன்னர் பந்தயச் சாரதி ஒருவரிடம் பொறிவலவராக இருந்தவர். அவருடைய மகன் ஜோன் கூப்பரும் நண்பர் எரிக் பிரன்டனும் மலிவான பந்தயக் கார் ஒன்றை அமைக்க விரும்பினர். பியற் தொப்பொலீனோ என்னும் சின்னஞ்சிறு இத்தாலியக் காரின் முற்பகுதியில் இரு சில்லுகளும் தனித்தனியே அசையும் தொங்கமைப்பு இருந்தது. அத்தகைய இரு முற்பகுதிகளை எடுத்து, ஒன்றின் முதுகை மற்றொன்றுடன் சேர்த்து ஒட்டினர். 500 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஒற்றை உருளை மோட்டார் சைக்கிள் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினர். மோட்டார் சைக்கிள் இயந்திரம் சங்கிலியால் இயக்குவது. சங்கிலி குறுகியதாக இருத்தல் வேண்டும். ஆகவே அது பின் சில்லுகளுக்கு அருகே, சாரதிக்குப் பின்னே அமர்ந்தது. பெரிய கோட்பாடு எதுவும் இதற்குக் காரணமன்று என்பதைப் பிற்காலத்தில் ஜோன் கூப்பரே ஒப்புக்கொண்டார்.

இவ்வெளிய காரின் சிறப்பு அதனைப் பலர் வாங்க முடிந்தமையே. ஒட்டோ யூனியன் கார்களை ஓட்டியோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். கூப்பர் 500 வகையோ நூற்றுக்கணக்கிற் கட்டப்பட்டு, இளைஞர் பலர் அதிலே பயின்றனர். ஸ்ரேர்லிங் மொஸ் 1948இல் அதிலேயே தொடங்கினார். அவ்வகைப் பந்தயம் 1950இல் மூன்றாம் பிரிவாகச் சர்வதேச ஏற்புப் பெற்றது. ஒரு தலைமுறை சாரதிகளும் பொறிவலவர்களும் பின்புற இயந்திரத்தின் போக்கினைக் கைப்பழக்கமாகவே கற்றனர். தொழினுட்ப அறிவு வரைபடத்தில் மட்டும் தங்குவதன்று. கைகளிற் பரவும்போதே அது சமூக உடைமையாகிறது.

கைப்பழக்கமாகப் பரவிய அறிவின் பயன் பெரிய களத்திலும் வெளிப்பட்டது. 1958 சனவரியில் ஆர்ஜென்ரீனாவின் தலைநகரில் நடந்த உலகப் போட்டியில், இரண்டு லீற்றருக்கும் குறைந்த கவென்றி கிளைமக்ஸ் இயந்திரம் பொருத்திய கூப்பரை மொஸ் ஓட்டினார். அந்நிறுவனம் தீயணைப்புப் பம்பி இயந்திரங்களுக்கும் பெயர் பெற்றது. எதிரே 2.4 லீற்றர் பெராரிகள். கூப்பரின் சில்லு ஒவ்வொன்றும் நான்கு ஆணிகளால் முடுக்கப்பட்டிருந்தமையால் ரயர் மாற்ற நெடுநேரம் செல்லும். மாற்றவே வருவார் என்று மற்றோர் காத்திருக்க, மொஸ் தேய்ந்த ரயர்களுடன் இறுதிவரை ஓடி 2.7 செக்கன் இடைவெளியில் வென்றார். உலகப் போட்டியொன்றில் பின்புற இயந்திரக் கார் பெற்ற முதல் வெற்றி அதுவே. அடுத்த ஆண்டு, அவுஸ்திரேலிய மரக்கறி வியாபாரி ஒருவரின் மகனான ஜாக் பிரபாம் கூப்பரில் உலக வெற்றிவீரரானார். அமெரிக்காவில் நடந்த கடைசிப் போட்டியில் எரிபொருள் தீர்ந்துவிடக் காரைத் தள்ளிக்கொண்டே எல்லைக்கோட்டைக் கடந்தார். 1960இலும் அவரே வென்றார். மாடு வண்டியை இழுப்பதன்றித் தள்ளுவதில்லை என என்சோ பெராரி கூறியதாகச் சொல்லப்படுகிறது. 1961இல் அவருடைய மாடும் வண்டிக்குப் பின்னே கட்டப்பட்டது. கூப்பர் நிறுவனமோ பெருமூலதனப் போட்டியில் நிலைக்க இயலாது 1960களின் முடிவில் களத்தை விட்டு அகன்றது.

நமது பிராந்தியத்தில் மோட்டார்ப் பந்தயம் குடியேற்ற ஆட்சியின் வழியே வந்தது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இற் தோன்றியது. தேயிலைத் தோட்டத்துப் பாதை துரைமாரின் வேகத்துக்குக் களமாயிற்று. அத்தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் ஓரமாக நின்று பார்ப்பதற்கு மேலாக அதிற் பங்குகொண்டிருப்பர் என நினைப்பதற்கில்லை. போரின் பின் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகள் பந்தயத் திடல்களாயின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோனைப் போலவே களுத்துறைக்கு அண்மையில் கட்டுக்குருந்தையும் சென்னைக்கு வடக்கே சோழவரமும் அவ்வாறு அமைந்தவை. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் சோழவரத்திற் பெருந்திரளான மக்கள் காணப் பந்தயங்களை நடத்தியது. இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுப் பந்தயக் கார் பெறுதல் செல்வர்க்கும் அரிதாயிருந்தது.

சர்பிற்றனின் வரலாறு வேறு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது கோயம்புத்தூரில். பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்தபின் பஞ்சாலைகளும் வார்ப்பாலைகளும் பம்பி செட்டுத் தொழிலும் செறிந்து, கைத்திறன் மிக்க தொழிலாளர் படை ஒன்று உருவான நகரம் அது. அங்கே 1980களில் எஸ். கரிவர்தன் மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். மாருதி 1983இன் இறுதியில் வீதிக்கு வந்த கார். மூன்று உருளைகள், 796 கன சென்ரிமீற்றர். இயந்திரமும் பல்லிணைப் பெட்டியும் ஒரே தொகுதியாக முன்னே குறுக்காக அமைந்து முன் சில்லுகளை இயக்குவன. அத்தொகுதியைச் சாரதியின் பின்னே நகர்த்தினால் அது பின் சில்லுகளை இயக்கும். பந்தயக் காருக்குரிய அமைப்புத் தானே கிடைத்துவிடும். கூப்பர்களுக்கு மோட்டார் சைக்கிள் கற்பித்ததைக் கரிவர்தனுக்கு நடுத்தர வர்க்கத்தின் சிறு கார் கற்பித்தது. உதிரிப்பாகம் எந்த நகரிலும் கிடைத்தது. எல்லோர்க்கும் ஒரே இயந்திரமாதலால் பணத்தின் செல்வாக்கு ஓரளவு குறைந்தது.

ஓரளவு என்றே கூற வேண்டும். கரிவர்தன் ஆலை முதலாளிகளின் குடும்பத்திற் பிறந்தவர். பின்னாளில் அக்கார்களில் ஏறியோரும் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளே. கூப்பர்களின் கராஜ் போன்ற சிறு பட்டறையிலிருந்து இது பிறந்தது எனல் பொருந்தாது. அவருடைய வடிவத்தைப் பொருளாக்கிய பற்றவைப்பாளர், கடைச்சற்காரர் பெயர்களைப் பந்தய எழுத்துகளில் காண்பது அரிது. கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் உயிரிழந்தார். 1990இல் சோழவரத்துக்குப் பதிலாக இருங்காட்டுக்கோட்டைத் திடல் திறக்கப்பட்டது. மாருதிப் பிரிவிற் பந்தயத்தைத் தொடங்கிய கோயம்புத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியின் சாரதியாக உலகப் போட்டியில் ஓடிய முதல் இந்தியரானார்.